வழுக்கினால் எது கெடும்?

115 பிட் (ஸ்க்ரூடிரைவரில் மாற்றி மாற்றிச் செருகும் முனை) உள்ள பெட்டியை வாங்காதீர்கள். கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு என்ன கருவி வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். அந்தப் பெட்டியில் முக்கோண முனை இருக்கும், யு வடிவ முனை இருக்கும், சதுர முனை நாலைந்து அளவில் இருக்கும். அத்தனையில் ஏழெட்டு முனைகளைத்தான் திரும்பத் திரும்ப எடுப்பீர்கள். அந்த ஏழெட்டும் மட்டமான இரும்பில் செய்ததாக இருந்தால் மீதி நூற்றுச் சொச்சம் இருந்து என்ன பயன்? அதே காசுக்கு நல்ல ஸ்க்ரூடிரைவர் மூன்று நான்கு வாங்கிவிட முடியும்.

கருவி வாங்கும்போது எல்லோரும் இது வேலை செய்யுமா என்று பார்க்கிறார்கள். செய்யும். மட்டமான ஸ்க்ரூடிரைவரும் பெரும்பாலான ஸ்க்ரூக்களைக் கழற்றிவிடும். ஆனால் இறுகிப்போன ஒரு ஸ்க்ரூ மாட்டும், அங்கேதான் விஷயம். கை வழுக்கும்போது அந்த முனை எங்கே போய் இடிக்கும், அங்கே எது கெடும்? ஒவ்வொரு கருவியையும் நான் இந்தக் கேள்வியை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறேன். பக்கத்தில் இருப்பது வெறும் தகரமா, முடி போன்ற செம்புத் தடங்கள் ஓடுகிற மதர்போர்டா, பேட்டரியா என்பதைப் பொறுத்து பதில் மாறும், வாங்க வேண்டிய பொருளும் மாறும்.

சரி, ஸ்க்ரூடிரைவரில் ஆரம்பிக்கலாம், ஏனென்றால் கழற்றுவதும் பூட்டுவதும்தான் இந்த வேலையில் பெரும்பகுதி. டெஸ்க்டாப் கேபினட்டில் வருகிற ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று 6-32 எனப்படும் அங்குல அளவு, மற்றொன்று எம்3 என்கிற மெட்ரிக் அளவு. எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி), 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க், கேபினட்டின் பக்க மூடி ஆகியவற்றுக்கு 6-32 வரும். 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கும் டிவிடி டிரைவுக்கும் எம்3 வரும். முதலாவதில் மரை அங்குலத்துக்கு 32 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே கிட்டத்தட்ட 0.8 மில்லிமீட்டர். எம்3 இல் 0.5 மில்லிமீட்டர்தான். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரிகிற வித்தியாசம் இது, ஆனால் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. மாற்றிப் போட்டு அழுத்தித் திருகினால் ஓட்டையின் மரை போய்விடும், அப்புறம் எந்த ஸ்க்ரூவும் அதில் நிற்காது. இரண்டுக்குமே பிஎச்2 என்கிற அளவில் வரும் கூட்டல் குறி முனை பொதுவாகப் பொருந்தும். டெஸ்க்டாப் மட்டும்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் நீளத் தண்டு உள்ள ஒரு நல்ல பிஎச்2, எம்.2 எஸ்எஸ்டியின் (மதர்போர்டிலேயே செருகும் மெல்லிய அட்டை வடிவ எஸ்எஸ்டி) சின்ன ஸ்க்ரூவுக்கு ஒரு பிஎச்1, மதர்போர்டுக்கு அடியில் நிற்கும் பித்தளைத் தூண்களைப் பூட்ட 5 மில்லிமீட்டர் நட் டிரைவர் (அறுகோண நட்டைக் கவ்வித் திருகும் குழல் முனை) ஒன்று, இவ்வளவு இருந்தாலே நிறைய வேலை முடிந்துவிடும்.

இந்த பிஎச் என்பது பிலிப்ஸ். அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் 1936 இல் காப்புரிமை பெற்ற வடிவம், அதே காலத்தில் காடிலாக் கார் தொழிற்சாலைக்குப் போய் அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. கூட்டல் குறி மாதிரித் தெரிந்தாலும் அதன் பக்கச் சுவர்கள் நேராக நிற்பதில்லை, உள்ளே போகப் போகச் சரிந்து குறுகுகின்றன. அதனால் விசை கூடும்போது முனை தானாகவே மேலே ஏறி வெளியே வரப் பார்க்கும். நாம் வழுக்குகிறது என்று சொல்வது இதைத்தான். திருகும் விசையைவிட அதிகமாகக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும் என்று பழகியவர்கள் சொல்வதற்குக் காரணமும் இதுவே. சில ஜப்பானியத் தயாரிப்புகளில் கூட்டல் குறிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அது ஜேஐஎஸ் என்கிற வேறு வடிவம், பார்வைக்கு பிலிப்ஸ் போலவே இருக்கும். ஜேஐஎஸ் முனை பிலிப்ஸ் ஸ்க்ரூவிலும் நன்றாக உட்கார்ந்துவிடும். பிலிப்ஸ் முனையை ஜேஐஎஸ் ஸ்க்ரூவில் வைத்தால் அடிவரை போய் உட்காராது, சீக்கிரம் தலையைத் தின்றுவிடும்.

லேப்டாப்புக்கு வந்தால் எல்லாமே சிறிதாகிவிடும். எம்2, எம்2.5 ஸ்க்ரூக்கள் (அதாவது 2, 2.5 மில்லிமீட்டர் தடிமன்), பிஎச்1, பிஎச்0, பிஎச்00 முனைகள். இங்கே பெரும்பாலானோர் செய்கிற ஒரு காரியம், பிஎச்0 தேவைப்படும் இடத்தில் பிஎச்00 ஐ வைத்துத் திருகுவது. சிறிய முனை எல்லா ஓட்டைக்குள்ளும் போய்விடுமே, அதனால் அதுதான் சரியான அளவு என்று தோன்றிவிடுகிறது. போகிறது, ஆனால் சுவரைத் தொடாமல் நடுவில் ஆடுகிறது. முழு விசையும் நான்கு மூலைகளில் மட்டும் விழுந்து உலோகம் மழுங்கிவிடும். சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. முனையை ஸ்க்ரூவில் வைத்து, திருகாமல், கைப்பிடியை லேசாக இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். ஸ்க்ரூவும் முனையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு அசைவே தெரியாமல் இருந்தால் அது சரியான அளவு. கொஞ்சம் இடம் கொடுத்து ஆடினால் ஒரு அளவு பெரியதை எடுத்து வையுங்கள். உள்ளே போகக்கூடியவற்றிலேயே மிகப் பெரியது எதுவோ அதுதான் உங்களுக்கு வேண்டிய முனை.

முனையின் எஃகைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டியில் சிஆர்-வி என்று எழுதியிருந்தால் குரோம் வனேடியம், எஸ்2 என்று எழுதியிருந்தால் அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்றே செய்த கருவி எஃகு. நுண்ணிய முனைகளுக்கு நான் எஸ்2 ஐத்தான் தேடுவேன். ஆனால் எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம், யார் வேண்டுமானாலும் பெட்டியில் எஸ்2 என்று அச்சடிக்கலாம். முனையை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல முனையின் விளிம்புகள் கூர்மையாக, நான்கு இறக்கைகளும் ஒரே தடிப்பில் இருக்கும். மட்டமானதில் ஒரு இறக்கை தடித்து இன்னொன்று மெலிந்து, மேலே பூசிய குரோமியம் மூலைகளில் உருண்டு நிற்கும். அந்தப் பூச்சு உரிந்து துகளாக மதர்போர்டில் விழுவதும் உண்டு, அது உலோகத் துகள் என்பதை மறக்க வேண்டாம். ஜெர்மனியின் வீஹா, வேரா, ஜப்பானின் வெஸல், சுவிட்சர்லாந்தின் பிபி ஸ்விஸ் ஆகியவை தலைமுறை தலைமுறையாக ஸ்க்ரூடிரைவர் செய்கிறவை, காசு அதிகம்தான். பிட் செட்டாகவே வேண்டும் என்றால் ரிப்பேர் கருவிகள் விற்கும் ஐஃபிக்ஸிட்டின் 64 பிட் கொண்ட மாகோ போன்ற ஒன்று போதும். அவை 4 மில்லிமீட்டர் அறுகோண அடி கொண்டவை, பெரிய கடினமான ஸ்க்ரூவுக்கு ஏற்ற கால் அங்குலப் பிட்டுகள் அவற்றின் கைப்பிடியில் பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடி சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் ஒரு லேப்டாப்பின் அடிமூடியில் பத்துப் பன்னிரண்டு ஸ்க்ரூ கழற்றிய பிறகு கை சொல்லிவிடும். மேல் நுனியில் தனியாகச் சுழலும் தொப்பி இருக்க வேண்டும். ஆள்காட்டி விரலால் தொப்பியை அழுத்திக்கொண்டு கட்டைவிரலும் நடுவிரலும் தண்டைச் சுழற்றும்போது அழுத்தமும் திருகலும் தனித்தனியாகக் கைக்குள் வந்துவிடும். பிலிப்ஸ் வழுக்காமல் இருக்க இதைவிட உதவுவது எதுவும் இல்லை.

காந்த முனை வேண்டாம், கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று இன்னும் சொல்கிறார்கள். ஃபிளாப்பி காலத்து பயம் அது. எஸ்எஸ்டியில் இருக்கும் ஃபிளாஷ் நினைவகம் மின்னூட்டமாகத்தான் தகவலை வைத்திருக்கிறது, ஸ்க்ரூடிரைவர் நுனியின் காந்தம் அதை ஒன்றும் செய்யாது. ஹார்ட் டிஸ்க்கின் வயிற்றுக்குள்ளேயே அதைவிடப் பல மடங்கு வலுவான நியோடிமியம் காந்தங்கள் இருக்கின்றன. காந்தம் இல்லாத முனையால் வரும் ஆபத்துதான் நிஜம். ஸ்க்ரூ நழுவி கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் உருண்டு போய், கண்ணில் படாமல் அங்கேயே கிடந்து, மின்சாரம் கொடுத்ததும் இரண்டு புள்ளிகளை இணைத்துவிட்டால் போர்டு போய்விடும். அதனால் காந்தம் உள்ளதையே வாங்குங்கள், காந்தம் குறைந்தால் ஏற்றிக்கொள்ள ஒரு சின்ன மேக்னடைசர் கட்டையும் சேர்த்து.

ஸ்க்ரூவின் தலை ஏற்கெனவே மழுங்கிப் போயிருந்தால்? அகலமான ரப்பர் பேண்டை நடுவில் வைத்து அழுத்தித் திருகுவது சில நேரம் கைகொடுக்கும். அதைவிட முக்கியம், ஏன் இறுகியிருக்கிறது என்று பார்ப்பது. லேப்டாப் ஸ்க்ரூக்களின் மரையில் நீல நிறத்தில் ஒரு பசை தடவியிருப்பார்கள், அதிர்வில் கழன்றுவிடாமல் இருக்க. சூடு பட்டால் அது இளகும். சோல்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூ தலையில் சில வினாடி தொட்டு வைத்துவிட்டுத் திருகினால், முரண்டு பிடித்த ஸ்க்ரூவும் சத்தமில்லாமல் வந்துவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஆனால் பக்கத்தில் பேட்டரி இருந்தால் சூட்டின் பக்கமே போகாதீர்கள்.

பிலிப்ஸ் தவிர வேறு தலைகளும் வரும். ஆறு முனை நட்சத்திரம் போல் இருப்பது டார்க்ஸ், 1967 இல் கேம்கார் டெக்ஸ்ட்ரான் கொண்டுவந்தது. பேச்சு வழக்கில் பிலிப்ஸையே ஸ்டார் என்று சொல்வதால், கடையில் ஸ்டார் கொடுங்கள் என்று கேட்டுவிட்டு வேறொன்றோடு வந்துவிடாதீர்கள். டார்க்ஸின் சுவர்கள் கிட்டத்தட்ட நேராக நிற்பவை, அதனால் வழுக்கல் மிகக் குறைவு. லேப்டாப் அடிமூடிகளில் டி5 அடிக்கடி வரும். ஹார்ட் டிஸ்க்கின் மூடியிலும் டார்க்ஸ்தான் இருக்கும், ஆனால் அதைத் திறக்க எந்த முனையும் வாங்க வேண்டாம். தூசியில்லாத அறைக்கு வெளியே திறந்த டிஸ்க்கில் தகவல் மிஞ்சுவது அரிது. ஆப்பிள் 2009 முதல் சில மாடல்களில் ஐந்து இதழ் கொண்ட பென்டலோப் ஸ்க்ரூவைப் போட்டு வருகிறது, மேக்புக் அடிமூடிக்கு பி5, ஐபோனின் கீழ் விளிம்புக்கு பி2. அந்தக் கருவிகளைத் தொடப் போவதில்லை என்றால் அந்த முனைகளும் வேண்டாம். இதற்கு நேர் எதிராக ஃபிரேம்வொர்க் நிறுவனம் 2021 முதல் தன் லேப்டாப்போடு ஒரு டி5 ஸ்க்ரூடிரைவரையும் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுக்கிறது, எனக்கு மனசுக்கு ரொம்பப் பிடித்த காரியம் அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குமுறை, 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே பொதுச் சந்தையில் கிடைக்கும் கருவிகளால் கழற்ற முடிய வேண்டும் என்கிறது. ஸ்க்ரூவின் வடிவம் சட்டத்துக்குள் வரும் அளவுக்கு முக்கியமான விஷயம்தான்.

எந்த முனை தேவைப்படும் என்று ஊகிக்கவும் வேண்டியதில்லை. திங்க்பேட், டெல், எச்பி மாடல்களுக்கு சர்வீஸ் மேனுவல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, எந்த இடத்தில் எத்தனை ஸ்க்ரூ, என்ன அளவு, எவ்வளவு நீளம் என்றெல்லாம் படத்தோடு இருக்கும். கருவி வாங்கும் முன் உங்கள் மாடலின் மேனுவலைத் திறந்து அந்தப் பக்கங்களைப் படியுங்கள். ஸ்க்ரூவின் நீளத்தை அதில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 3 மில்லிமீட்டர் ஸ்க்ரூ போக வேண்டிய இடத்தில் 5 மில்லிமீட்டர் போனால் அது அடியில் இருக்கும் போர்டைக் குத்தும், அல்லது மேலே டச்பேடையோ கீபோர்டையோ முட்டிப் புடைக்க வைக்கும். அதனால் ஸ்க்ரூக்களை ஒரே கிண்ணத்தில் கொட்டாமல், லேப்டாப்பின் அடிப்பக்கத்தை ஒரு காகிதத்தில் வரைந்து, கழற்றிய இடத்திலேயே ஒவ்வொன்றையும் டேப்பால் ஒட்டி வைப்பேன். காந்த விரிப்பு என்று ஒன்று விற்கிறார்கள், நல்லதுதான், காகிதமும் அதே வேலையைச் செய்கிறது.

பேட்டரியில் ஓடும் ஸ்க்ரூடிரைவர் வாங்கலாமா என்றால், கழற்றுவதற்கு வாங்கலாம், பூட்டும்போது கடைசிச் சுற்றைக் கையால் போடுங்கள். பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை மரையை மோட்டார் பிய்த்துவிட்டால் ஒட்டித்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

அடுத்தது நெம்பும் கருவிகள். ஸ்க்ரூ எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லை என்றால் உள்ளே கொக்கிகள் பிடித்திருக்கும் (ரப்பர் காலுக்கு அடியில் இன்னொரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்). இங்கே விதி ஒன்றுதான்: நெம்பும் பொருள் நெம்பப்படும் பொருளைவிட மென்மையாக இருக்க வேண்டும். கெட வேண்டி வந்தால் கருவி கெடட்டும், லேப்டாப் கெடக் கூடாது. தட்டை ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பிய லேப்டாப்பை ஓரத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும், வரிசையாகக் கடித்த தடம் இருக்கும், உள்ளே ஒன்றிரண்டு கொக்கி ஒடிந்திருக்கும். கிடார் வாசிக்கும் பிளெக்ட்ரம் போதும். மெல்லியதாக ஒன்றும் சற்றுத் தடிமனாக ஒன்றும் வைத்துக்கொண்டு, மெல்லியதால் இடுக்கைத் திறந்து, தடித்ததை உள்ளே விட்டு ஓரமாகவே இழுத்துக்கொண்டு போனால் கொக்கிகள் டக் டக் என்று ஒவ்வொன்றாக விடும். கூடவே ஸ்பட்ஜர் என்கிற கறுப்பு நைலான் குச்சி ஒன்று, ஒரு நுனி கூராக, மறு நுனி தட்டையாக இருப்பது. மொபைல் ரிப்பேர் செட்டோடு இலவசமாக வரும் நீலப் பிளாஸ்டிக் நெம்பிகள் முதல் முறையிலேயே நுனி வளைந்துவிடும், அவற்றை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். மெல்லிய எஃகுத் தகடு சில இறுக்கமான மூடிகளில் முதல் இடைவெளியைத் திறக்கத் தேவைப்படும், ஆனால் நுழைத்த உடனே அதை எடுத்துவிட்டு பிளாஸ்டிக்குக்கு மாறிவிட வேண்டும்.

ஒட்டிய பேட்டரியின் விஷயத்தில் உலோகமே கிடையாது, விதிவிலக்கும் கிடையாது. லித்தியம் செல்லின் வெளியுறை வெறும் மெல்லிய அலுமினியப் படலம். அதில் ஒரு கீறல் விழுந்து உள்ளடுக்குகள் தொட்டுக்கொண்டால் புகை, பிறகு தீ. பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்று, பசையை இளக்க 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் சில சொட்டு, அப்புறம் பொறுமை. உப்பியிருந்தால் இன்னும் மெதுவாக.

ட்வீசர் இரண்டு வாங்குங்கள், ஒன்று நேராக, ஒன்று வளைந்ததாக. காந்தம் ஏறாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நுனிகள் மூடும்போது ஒன்றோடொன்று சரியாகச் சேர வேண்டும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடைவெளி தெரியக் கூடாது. எங்கே பயன்படும் என்றால், ரிப்பன் கேபிள் கனெக்டர்களில். லேப்டாப்பின் கீபோர்டு கேபிளைக் கிட்டே குனிந்து பாருங்கள். வெள்ளைக் கனெக்டரின் ஒரு ஓரத்தில் கறுப்பாகவோ பழுப்பாகவோ மெல்லிய பட்டை போல ஒரு தாழ்ப்பாள் ஓடும். ஸ்பட்ஜரின் கூர் நுனியை அதன் அடியில் வைத்து மேலே தூக்கினால் 90 பாகை வரை எழுந்து நிற்கும், அதன் பிறகு கேபிள் எந்த இழுப்பும் இல்லாமல் வழுவி வரும். சில வகைகளில் தாழ்ப்பாள் எழும்பாது, கேபிள் போகும் திசையில் ஒரு மில்லிமீட்டர் நகரும். எது எந்த வகை என்று தெரியாமல் கேபிளையே பிடித்து இழுத்தால் தாழ்ப்பாள் ஒடிந்துவிடும், அதை மாற்றுவது சோல்டரிங் வேலை, அதுவும் கடினமான வேலை. ட்வீசரால் கேபிளின் காதை (பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு துண்டு) பிடிக்கலாம், செம்புத் தொடுமுனைகள் இருக்கும் பகுதியைப் பிடிக்கக் கூடாது.

உலோக ட்வீசர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். லேப்டாப்பைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரிக் கனெக்டரைக் கழற்றுவது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டோமே என்று அப்படியே தொடரக் கூடாது, மூன்று செல் பேட்டரி என்றாலே போர்டில் 11 வோல்ட் அளவில் எப்போதும் காத்திருக்கும். திரைக்கு வெளிச்சம் தரும் பேக்லைட் லைனில் அதைவிட அதிகம். பேட்டரி இணைப்போடு டிஸ்ப்ளே கேபிளைப் பிடுங்கி, பேக்லைட் ஃபியூஸ் போய், படம் மங்கலாக மட்டும் தெரிகிற லேப்டாப்புகள் ரிப்பேருக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. கனெக்டரைக் கழற்றிய பிறகு பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்னூட்டத்தையும் வடியவிடுங்கள்.

நிலைமின்சாரத்துக்கான மணிக்கட்டுப் பட்டை வேண்டுமா என்பதில் ஆளுக்கொரு கருத்து. நான் வேண்டும் என்கிற கட்சி. நம் விரலில் சுரீரென்று ஒரு பொறி உணர சுமார் 3000 வோல்ட் வேண்டும், ஆனால் 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே சேதமடையக்கூடிய பாகங்கள் இருக்கின்றன. அதாவது கெடுத்தது நமக்கே தெரியாது, அதுதான் இதில் மோசம். கெட்ட பாகமும் அன்றைக்கே செத்துவிடும் என்று சொல்ல முடியாது, சில வாரம் ஓடிவிட்டுப் போகும், அப்போது யாரும் காரணத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நல்ல பட்டையின் கயிற்றில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கும், தவறிப் போய் மின்சாரம் பட்டாலும் உடம்பு வழியாக அதிகம் பாயாமல் இருக்க. வாங்கியதும் மல்டிமீட்டரால் அதை அளந்து பாருங்கள். கயிறே இல்லாமல் வயர்லெஸ் பட்டை என்று விற்கப்படுவது எந்த வேலையும் செய்யாது, மின்னூட்டம் போவதற்கு அதில் வழியே இல்லை.

மல்டிமீட்டர் இல்லாமல் ரிப்பேர் என்பது ஊகம்தான். விலை உயர்ந்தது வேண்டாம், ஆனால் மூன்று விஷயம் வேண்டும்: தாமதமில்லாமல் பீப் அடிக்கும் கன்டினியூட்டி (இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இணைப்பு இருக்கிறதா என்று சொல்லும் சோதனை), உள்ளே ஃபியூஸ் இருக்கும் ஆம்பியர் பகுதி, கூரான நுனி கொண்ட வயர்கள். மதர்போர்டில் நேரம் மறந்துபோகிறதா, சிஆர்2032 பேட்டரியை அளந்து பாருங்கள், புதிதில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே இருக்கும், 2.7 பக்கம் வந்துவிட்டால் மாற்றிவிடலாம். எஸ்எம்பிஎஸ் சந்தேகமா, ஊதா நிற வயரில் சிஸ்டம் அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் இருக்க வேண்டும். ஓடும்போது மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை ஏற்கத்தக்கது. டெஸ்க்டாப் எஸ்எம்பிஎஸ்ஸுக்கான ஏடிஎக்ஸ் தரம் சொல்கிற 5 சதவீத எல்லை இது. பச்சையையும் கறுப்பையும் இணைத்து எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக ஓட வைக்கலாம், ஆனால் ஃபேன் சுற்றியதாலேயே அது நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது, சுமை ஏறும்போது விழுந்துவிடும் எஸ்எம்பிஎஸ் நிறைய உண்டு.

மல்டிமீட்டரிலும் அதே கேள்விதான், வழுக்கினால் எது கெடும்? மொண்ணையான நுனி 24 பின் கனெக்டரில் 12 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் ஒரே நேரத்தில் தொட்டுவிட முடியும். அதனால்தான் கூரான நுனி. சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் விட்டுவிட்டு வோல்டேஜ் அளக்கப் போனால் மீட்டர் வெறும் கம்பியாகிவிடும், அளக்கும் இடமே ஷார்ட் ஆகும். ஆம்பியர் அளந்து முடித்த கையோடு வயரைப் பழைய துளைக்கு மாற்றிவிட வேண்டும், அடுத்த வேலை வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று வைக்கக் கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியைத் திறந்து உள்ளே அளக்க ஆசைப்படாதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும்.

மற்றவை சீக்கிரம் சொல்லிவிடலாம். கேபிள் டை வெட்ட தட்டையாக வெட்டும் சின்ன கட்டிங் பிளையர். மென்மையான பிரஷ். தெர்மல் பேஸ்ட் (பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பசை) துடைக்க 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், 70 சதவீதத்தில் மீதி தண்ணீர் என்பதால் வேண்டாம். ஊதி அடிக்கும் காற்று, ஆனால் ஃபேன் சிறகை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். தலையில் மாட்டும் விளக்கு. உருப்பெருக்கும் கண்ணாடி ஒன்று, பிராசஸர் சாக்கெட்டில் வளைந்த பின் இருக்கிறதா என்று பார்க்க அது இல்லாமல் முடியாது.

சோல்டரிங் அயர்னை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அதில் வழுக்கினால் திரும்ப முடியாது. போர்டிலிருந்து செம்புத் தடம் உரிந்து வந்துவிட்டால் அதை ஒட்டவைப்பது தனிக் கலை. வாங்கும்போது வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் வகையாகத்தான் வாங்க வேண்டும், பிளக்கில் செருகினால் சூடாகிக்கொண்டே போகும் வகை கம்ப்யூட்டர் போர்டுக்கு ஆகாது. 63 சதவீதம் வெள்ளீயமும் 37 சதவீதம் ஈயமும் கலந்த சோல்டர் 183 பாகை செல்சியஸில் உருகும். 2006 ஜூலையில் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பாவின் ஆர்ஓஎச்எஸ் விதி வந்த பிறகு பெரும்பாலான போர்டுகளில் இருப்பது ஈயமில்லாத சோல்டர், அது 217 பாகை பக்கம்தான் இளகும். அது போதாதென்று மதர்போர்டின் உள்ளடுக்கில் இருக்கும் அகலமான செம்பு, வைக்கிற சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். வாட்ஸ் குறைந்த அயர்னை வைத்து நெடுநேரம் அழுத்துகிறவர்கள்தான் தடத்தை உரிக்கிறார்கள், சூடு அதிகம் வைத்ததால் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். 60, 70 வாட்ஸ் திறனும், ஊசி நுனிக்குப் பதிலாக உளி வடிவ நுனியும், சோல்டர் நன்றாக ஒட்ட உதவும் நல்ல ஃபிளக்ஸும் இருந்தால் இரண்டு மூன்று வினாடியில் வேலை முடிந்து கை விலகிவிடும். செத்துப்போன பழைய போர்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், கழற்றிப் பழக அவைதான் சரியானவை.

ஒன்றே ஒன்று பாக்கி. முனை தேயும், எவ்வளவு நல்ல எஃகும் தேயும். பிஎச்0 உம் பிஎச்1 உம் தான் முதலில் தேயும், ஏனென்றால் அவைதான் அதிகம் உழைப்பவை. இறக்கைகளின் விளிம்பு மின்ன ஆரம்பித்து, புது ஸ்க்ரூவில் வைத்தாலும் ஆடினால், அந்தப் பிட்டைப் பெட்டிக்குத் திரும்ப வைக்காதீர்கள். அவசரத்தில் கை அதைத்தான் எடுக்கும். தனியாகப் பிட் விற்காத செட்டை நான் வாங்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம், பெட்டியில் அடிக்கடி தேவைப்படும் இரண்டு அளவுகளையும் வாங்கும்போதே கூடுதலாக ஒவ்வொன்று எடுத்து வைத்துவிடுவேன்.